நேரம் கிடைக்கும்போது தேநீர்

கவுலூன் நகர், ஹாங்காங்
4 செப்டம்பர் 1994

அன்புள்ள ஹோய்-யிங்,

நான் நலமாக இருக்கிறேன். இந்த ஆண்டு மழை அதிகம், சுவரெல்லாம் ஓதம். உன் இருமல் நின்றதா என்று எழுது. உன் அப்பாவைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை.

அவன் போன ஞாயிறு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். என் தம்பி காசு செலவழித்துக் கூப்பிடுகிறான் என்றால் யாரோ இறந்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எடுத்தேன்.

"அக்கா, நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும். கணக்கியல் வேண்டாமாம். ஆசியவியல் படிக்கப் போறாளாம்."

"ஆசியாவுல எதை?"

"எனக்கென்ன தெரியும்? மொத்தத்தையும் போல. நாங்க குடும்பத்தோட ஆசியாவை விட்டு வந்தோம், இவ அதுலயே பட்டம் வாங்கப் போறா."

அதற்குள் பக்கத்து விமான நிலையத்தில் இறங்க, கூரையை உரசிக்கொண்டு ஒரு விமானம் போயிற்று. அது போகும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். நல்லதாகப் போயிற்று, நான் சிரித்தது அவனுக்குக் கேட்கவில்லை.

நம் லாவ் குடும்பத்தில், ஆசியாவைப் படிப்பதற்காக அமெரிக்காவின் ஒகையோவுக்குப் போன முதல் ஆள் நீதான். படி. ஆனால் எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் பூகோள வகுப்பில் யாராவது பொத்தாம்பொதுவாக "ஆசியா" என்று பதில் சொன்னால் அன்னை இம்மாகுலாட்டா நிற்க வைத்துவிடுவார். எந்த நாடு, எந்த நதி, எந்தத் துறைமுகம் என்று சொன்ன பிறகுதான் உட்காரலாம். நீயும் அதைச் சொல்லிவிட்டு உட்கார்.

உன் மாமா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய சின்ன அறையில் புத்தகங்கள் ஓதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்கு வெள்ளை அடித்தேன். இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

உன் ஆகஸ்ட் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் சீன எழுத்தில் ஏழு பிழைகள். சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன்.

நேரம் கிடைக்கும்போது வா, தேநீர் குடிப்போம்.

உன் அத்தை,
ஃபிலோமினா மோக்


ஒகையோ
2 அக்டோபர் 1994

மதிப்பிற்குரிய அத்தை,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? எனக்கு இருமல் நின்றுவிட்டது. விடுதியில் இலைகள் எல்லாம் சிவந்து உதிர்கின்றன. என் அறைத்தோழி டோரி அவற்றைப் பொறுக்கிக் கண்ணாடியில் ஒட்டுகிறாள். ஏழு பிழைகளையும் திருத்தி, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிவிட்டேன். (நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.)

பேராசிரியர் ஆல்டனைப் போய்ப் பார்த்தேன். ஆசியவியல் மாணவர்களுக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். இளம்வயதில் இரண்டு ஆண்டுகள் ஹாங்காங்கில் இருந்தவர்.

"சரி, எந்த ஆசியா?" என்றார். அன்னை இம்மாகுலாட்டா அவருக்கும் பாடம் எடுத்திருப்பாரோ?

"கவுலூன் நகர்" என்றேன்.

"அது ரொம்பச் சின்ன ஆசியாவா இருக்கேம்மா!"

பிறகு ஒரு தாளில் விளக்கமாகப் போட்டுக் காட்டினார். வரலாறு, மதம், இலக்கியம், அரசியல் என்று பல துறைகளிலிருந்து பாடங்களை எடுக்கலாம். ஆனால் ஏதாவது ஓர் ஆசிய மொழியை இரண்டு ஆண்டுகள் படித்தே ஆக வேண்டும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டு அந்தப் பகுதிக்கே போய் வாழ வேண்டும். எல்லாவற்றையும் முடிவுசெய்து மார்ச் மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தை, ஆறு வயதில் நாங்கள் புறப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமான நிலையத்தில் எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "நேரம் கிடைக்கும்போது வாங்க, டீ குடிக்கலாம்" என்றார்கள். விமானம் மேலே போனதும் நான் கேட்டேன்: "அப்பா, நமக்கு எப்ப நேரம் கிடைக்கும்?" அப்பா, "பேசாமத் தூங்கு" என்றார்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு நேரம் கிடைக்கிறது. முழுதாக ஓர் ஆண்டு. உங்களோடு தங்கலாமா?

அன்புடன்,
ஹோய்-யிங்


கவுலூன் நகர்
23 அக்டோபர் 1994

அன்புள்ள ஹோய்-யிங்,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நானும் சுகமே. வெயில் தணிந்துவிட்டது.

தங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் பாடத்திட்டத்தை ஒழுங்குசெய். வீட்டைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான வேலை. எந்த மொழி என்று இன்னும் நீ எழுதவில்லை. நம் கான்டனீஸ் மொழியை உன் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? கேட்டு எழுது. செய்வதானால் முறையாகச் செய்.

தெருமுனைத் தச்சுக்கடைக்காரர் கடையை மூடுகிறார். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு மேஜை வாங்கிச் சின்ன அறையில் போட்டேன். மேஜை இருந்தால் விளக்கு வேண்டும் என்று ஒரு விளக்கும் வாங்கினேன். ஓர் அறை வெறுமையாக இருப்பது பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வழக்கம்போல மாடித் தேநீர்க்கடைக்குப் போகிறேன். தூணுக்குப் பக்கத்து மேஜை. பரிமாறும் ஃபுக் உனக்கு நினைவிருக்காது. நீ அவன் காலில் சூடான தேநீரைக் கொட்டியிருக்கிறாய். இப்போது வெள்ளை விரிப்பின்மேல் வெள்ளைக் கோப்பை வைக்கிறார்கள். போன வாரம் நான் ஊற்றியதில் பாதி வெளியே போய்விட்டது. யாருக்கும் நேரக்கூடியதுதான்.

"மோக் அம்மா, மேஜை குடிச்சது போதும். இனி நீங்க குடிங்க" என்கிறான். முப்பது ஆண்டு வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சா இது? அவன் முதலாளியிடம் சொல்லலாம் என்று இருந்தேன். என் கூட வந்த கீழ்வீட்டுத் திருமதி சேங் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். மாஜாங் ஆட்டத்தைத் தவிர வேறெதற்கும் வாயை மூடமாட்டாள்.

உன் கடிதம் இத்துடன். நான்கு பிழைகள். முன்னேற்றம்.

நேரம் கிடைக்கும்போது வா, தேநீர் குடிப்போம்.

அத்தை


ஒகையோ
27 நவம்பர் 1994

மதிப்பிற்குரிய அத்தை,

அங்கே குளிர் வந்துவிட்டதா? கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறீர்களா? இங்கே முழங்கால்வரை பனி. நான் நலம், கால்விரல்கள் மட்டும் நலமில்லை.

மொழி விஷயம் சிக்கலாகிவிட்டது. பொதுச் சீனமான மாண்டரினைக் கற்பிக்கும் ஜியாங் ஆசிரியையிடம் போனேன். பத்து நிமிடம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"நீ பேசறதும் சீனம்தாம்மா. ஆனா அதுக்கு மார்க் போட என்கிட்ட கட்டம் இல்லையே."

"மாண்டரினை முதல்லேர்ந்து படிக்கட்டுமா?"

"படிக்கலாம். மே மாசம் வரைக்கும். அதுக்கப்புறம் நானே இங்க இல்லை. என் இடத்துக்கு வேற ஆள் போடலையாம்."

ஆக, இரண்டு ஆண்டுகள் முழுதாகக் கற்பிக்கப்படும் ஒரே ஆசிய மொழி ஜப்பானியம்தான். கோடையில் முதலாண்டுப் பாடத்தை முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டைக் கியோத்தோவில் கழித்தால் பட்டம் நேராக வந்துவிடும் என்கிறார் ஆல்டன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டில் பேசும் மொழியை ஆழமாகப் படிக்கிறேன் என்று கல்லூரிப் பாடத்திட்டக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஹாங்காங்கில் தங்கி, ஒரு தனி ஆசிரியரிடம் பிழையில்லாமல் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் வரலாற்று வகுப்புகளுக்குப் போகலாம். ஒரே நிபந்தனை: "என் வீட்டில் ஓர் ஆண்டு தங்க வரும்படி இவளை அழைக்கிறேன்" என்று அங்கிருக்கும் உறவினர் எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச் முதல் தேதிக்குள்.

அத்தை, இரண்டே வரி போதும். நீங்கள் எழுதினால் கியோத்தோவை மறந்துவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் குழு என் பேச்சைக் கேட்காது.

டோரி உங்களுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். அவள் கண்ணாடியில் ஒட்டிய இலைகள் எல்லாம் கறுத்துவிட்டன.

அன்புடன்,
ஹோய்-யிங்


கவுலூன் நகர்
15 ஜனவரி 1995

அன்புள்ள ஹோய்-யிங்,

உனக்கும் உன் பெற்றோருக்கும் புத்தாண்டு ஆசிகள். நான் நலம். பதில் தாமதமானதற்குக் கிறிஸ்துமஸ் நெரிசல் காரணம் என்று வைத்துக்கொள். இடையில் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கும் போய்வர வேண்டியிருந்தது. வயதுக்கு உரிய சோதனைகள். வரிசையில் உட்கார வைத்தே நோயாளி ஆக்கிவிடுகிறார்கள்.

உன் குழுவுக்கு என்ன எழுதுவது என்று நிறைய யோசித்தேன். திருமதி சேங் என் சமையலறையில் நின்றுகொண்டு நாள் தவறாமல் நச்சரிக்கிறாள்.

"வான்னு எழுதுங்களேன். ஒரே எழுத்து. அதுக்கு எதுக்கு இத்தனை தாளு?"

அவள் மீன்காரனிடம் பேசுவதுபோலவே எல்லோரிடமும் பேசுவாள். நான் அப்படி வளர்க்கப்படவில்லை. ஓர் இளம்பெண்ணின் படிப்பைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் இழுப்பதற்கு எந்த அத்தைக்கும் உரிமை கிடையாது. நாளைக்கு அவளுக்கு இங்கே என்னென்ன வேலை வந்து சேருமோ, யார் கண்டது? எல்லாவற்றையும் சொல்லாமல் ஒருத்தியை வா என்பது நேர்மை இல்லை. எல்லாவற்றையும் சொல்லி வா என்பது அதைவிட மோசம்.

ஆகவே மரியாதையாக எழுதியிருக்கிறேன். நான்கு முறை படி எடுத்தேன். இப்போது வரும் தாள்களில் கோடுகள் மிகவும் வெளிறிப்போய் இருக்கின்றன. வரி சற்றுக் கீழே இறங்கினால் குழுவினர் மன்னிக்க வேண்டும். வாசகம் இதுதான்:

"மதிப்பிற்குரிய குழுவினருக்கு, குமாரி லாவ் ஹோய்-யிங் என் உடன்பிறந்த தம்பியின் மகள். ஒழுக்கமானவள், உழைப்பாளி. என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. காற்றோட்டம் உண்டு; மேஜையும் விளக்கும் உண்டு. நேரம் கிடைக்கும்போது அவள் வந்து என்னுடன் தேநீர் குடிக்கலாம். இங்ஙனம், திருமதி ஃபிலோமினா மோக்."

இதில் சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். ஒரே பிழைதான் கண்ணில் பட்டது.

அத்தை


ஒகையோ
19 பிப்ரவரி 1995

மதிப்பிற்குரிய அத்தை,

மருத்துவமனை என்று எழுதியிருந்தீர்களே, என்ன சொன்னார்கள்? சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் நலம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வாசகத்தை ஆல்டனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"ஹோய்-யிங், உங்க அத்தை ரொம்ப நாகரிகமானவங்க."

"ஆமா. கையெழுத்தைப் பாருங்க."

"கையெழுத்தைச் சொல்லலை. இந்தக் கடைசி வரியைச் சொல்றேன். நான் ஹாங்காங்குக்குப் போன புதுசுல ஒருத்தர் இதைத்தான் என்கிட்ட சொன்னார். நானும் மறுநாளே அவர் வீட்டுக் கதவைத் தட்டிட்டேன். பாவம், அந்த மனுஷன் பனியனோட நின்னு முழிச்சார். நேரம் கிடைக்கும்போது டீ குடிக்கலாம்னா அங்க என்ன அர்த்தம்னு தெரியுமா? 'போயிட்டு வாங்க'ன்னு அர்த்தம். நிஜமாக் கூப்பிடறவங்க நாளைச் சொல்வாங்க, மணியைச் சொல்வாங்க, எந்தக் கடைன்னு சொல்வாங்க."

"அப்ப அத்தை என்ன சொல்றாங்க?"

"மனசு நோகாம, முடியாதுன்னு சொல்றாங்க. தனியா இருந்து பழகின பெரியவங்க. ஒரு வருஷம் ஒருத்தரை வீட்டுல வச்சுக்கறது சுலபமா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆறு வயதில் கேட்ட அதே அசட்டுக் கேள்வியை இருபது வயதில் உங்களிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதே வரியை எழுதியிருந்தீர்கள், எனக்குத்தான் புரியவில்லை. மேஜை, விளக்கு என்றெல்லாம் என்னால் உங்களுக்கு எவ்வளவு தர்மசங்கடம்! ஆல்டனின் வகுப்புக்காக "கிழக்காசியாவில் மரியாதைச் சொற்கள்" என்று ஒரு கட்டுரை எழுதினேன். உங்கள் வரியைத்தான் முதல் எடுத்துக்காட்டாக வைத்தேன். முதல் மதிப்பெண் கிடைத்தது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கியோத்தோவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

அன்புடனும் வெட்கத்துடனும்,
ஹோய்-யிங்


கவுலூன் நகர்
26 மார்ச் 1995

அன்புள்ள ஹோய்-யிங்,

நலம். உன் நலத்துக்குச் செபிக்கிறேன்.

உன் பேராசிரியர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வரிக்கு அதுதான் பொருள். இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஜப்பானிய எழுத்து அழகானது. போரின்போது ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், பன்னிரண்டு வயதில், நானும் கொஞ்சம் கற்றேன். படிக்க விருப்பமா என்று அப்போது எங்களை யாரும் கேட்கவில்லை. உன்னைக் கேட்டிருக்கிறார்கள், நன்றாகப் படி.

செப்டம்பரில் குன்றின்மேல் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போவதாக இருக்கிறேன். என் பள்ளித்தோழிகள் இருவர் அங்கே இருக்கிறார்கள். வசதியான இடம். மாடிப்படி இல்லை. எல்லா இடத்திலும் சுவரோரம் கைப்பிடி வைத்திருக்கிறார்கள்.

முதல் மதிப்பெண்ணுக்கு வாழ்த்துகள்.

அத்தை


ஒகையோ
16 ஏப்ரல் 1995

மதிப்பிற்குரிய அத்தை,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். உங்களுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா? வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்கவில்லை.

உங்கள் மார்ச் கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேலேயே ஏறியிருந்தது. "வசதியான இடம்" என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை ஆயிற்று. அப்பாவைத் தொலைபேசியில் கேட்டேன். "அக்காவுக்கு என்ன, இரும்பு மாதிரி இருக்காங்க. அவங்களே சொன்னாங்க" என்கிறார். நீங்கள் சொன்னீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று. ஜனவரியில் ஒரே பிழை என்று எழுதினீர்கள். என் நகலை எடுத்துப் பார்த்தேன்; எனக்கே ஐந்து தெரிந்தன. அதனால் பிப்ரவரிக் கடிதத்தின் உறைமேல் உங்கள் பெயரையே வேண்டுமென்று தப்பாக எழுதினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடிதம் திரும்பி வரவும் இல்லை.

என்மேல் கோபமா, அத்தை? கோபம் என்றால் நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஹோய்-யிங்


கவுலூன் நகர்
14 மே 1995

ஹோய்-யிங்மா, இது கீழ்வீட்டு சேங் எழுதறது. உங்க அத்தை சொல்லச் சொல்ல எழுதறேன். நான் நாலாங் கிளாஸ்தான், எது எழுதணும் எது எழுதக்கூடாதுன்னு பிரிக்கத் தெரியாது. காதுல விழறதை அப்படியே எழுதறேன். தப்பா எடுத்துக்காதே.

"அன்புள்ள ஹோய்-யிங், நான் நலம்."

நலமா? நேத்து மாடிப்படியில ரெண்டு படி தவறி உக்காந்தது யாரு?

"அதை எழுதாதே."

எழுதலை, எழுதலை. சொல்லுங்க.

"என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ஆகவே திருமதி சேங்கின் உதவியால் எழுதுகிறேன்."

சுளுக்கின கையால காலையில மாவு எப்படிப் பிசைஞ்சீங்க, மோக் அம்மா?

"உனக்கு எழுதத்தான் சொன்னேன். கேள்வி கேக்கச் சொல்லலை. போடு: உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உன் கடிதங்களைத் திருத்தாமல் விட்டதற்குக் காரணம், அவற்றில் பிழை இல்லாததே."

டாக்டர் சொன்னதை எப்பச் சொல்லப் போறீங்க?

"எந்த டாக்டர்?"

இடது கண்ணு போயிடுச்சு, வலது கண்ணு இந்தக் கிறிஸ்துமஸைத் தாண்டினா அதிசயம்னு சொன்னாரே, அந்த டாக்டர்.

"திருமதி சேங்!"

எழுதலைங்கறேன். பேனாவைக் கீழே வச்சேனே, சத்தம் கேக்கலை?

"கேட்டது. சரி. அவ சின்னப் பொண்ணு. கண்ணு போகுது, வந்து என் கையைப் புடிச்சுக்கோன்னு ஒரு பொண்ணைக் கூப்பிடறதா? படிக்க வர்றவளா அவ, தாதியா? அதுக்கு நான் வாயைத் தைச்சுக்கிட்டுப் போயிடுவேன். இப்ப எழுது: சின்ன அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன்."

யாருக்கு விட்டீங்க? அந்த மேஜை விளக்கு ராத்திரி பகல்னு இல்லாம எரியுது. அணைக்கவாவது செய்யறீங்களா?

"எரியுதா?"

எரியுது, மோக் அம்மா.

ஒரு விமானம் போச்சு. இன்னொண்ணும் போச்சு.

"வாடகை விஷயம் வேண்டாம், அடிச்சுடு."

அடிச்சுட்டேன். கடைசியில என்ன போட? நேரம் கிடைக்கும்போது வான்னா?

"வேண்டாம். அதுக்கு அங்க என்ன அர்த்தம்னு படிச்சவங்க சொல்லிட்டாங்க."

அப்ப வேற என்ன?

"ஒண்ணும் வேண்டாம். கையெழுத்துப் போடற இடத்துல என் விரலை வை."

ஃபிலோமினா மோக்

(விரலைச் சரியாத்தாம்மா வச்சேன். அவங்கதான் நகர்த்திட்டாங்க.)


ஒகையோ
4 ஜூன் 1995

மதிப்பிற்குரிய அத்தை,

உங்கள் மணிக்கட்டு விரைவில் குணமாக வேண்டும். திருமதி சேங், நீங்கள் இதை வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் என் நன்றி. உங்கள் கையெழுத்து எனக்கு மிகவும் தெளிவாக இருந்தது. ஒரு சொல்கூட விடாமல் படித்தேன்.

அத்தை, எனக்கு மனம் மாறிவிட்டது. காரணம் கேட்காதீர்கள். கல்லூரி அலுவலகத்துக்குப் போய், கியோத்தோ வேண்டாம், ஹாங்காங்தான் வேண்டும் என்றேன். குழு மார்ச்சிலேயே கலைந்துவிட்டதாம். இனி அடுத்த ஆண்டுதான் கூடுமாம். ஆல்டனும் என்னோடு வந்து கேட்டுப் பார்த்தார். அலுவலக அம்மாள் எங்களை அன்பாகத்தான் நடத்தினாள். இனிப்பு கொடுத்தாள். எதையும் மாற்ற முடியாது என்றாள்.

திரும்பி வரும்போது ஆல்டன், "எனக்கு அந்த வரி தெரியும். உங்க அத்தையைத் தெரியாது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

எனக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கியோத்தோவுக்குப் போகாவிட்டால் பட்டம் இல்லை என்பதால் போகிறேன். ஆனால் ஹாங்காங் வழியாகப் போக வேண்டும் என்று பயணச்சீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏம்மா, ஜப்பானைத் தாண்டிப் போயி மறுபடி ஜப்பானுக்கு வரணுமா? உனக்குப் பூகோளம் யார் சொல்லிக் குடுத்தா?" என்றார். அன்னை இம்மாகுலாட்டா என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் கியோத்தோவில் பெயர் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. ஃபுக் வேலை செய்யும் மாடித் தேநீர்க்கடை. தூணுக்குப் பக்கத்து மேஜை.

நாளும் மணியும் இடமும் எழுதியிருக்கிறேன், அத்தை.

ஹோய்-யிங்


கவுலூன் நகர்
25 ஜூன் 1995

அன்புள்ள ஹோய்-யிங்,

நலம். நானே எழுதுகிறேன். திருமதி சேங்கின் எழுத்து எனக்குத் திருப்தியாக இல்லை. ஓர் அட்டையை வைத்து வரிக்கு வரி கீழே நகர்த்துகிறேன். வரிகள் நேராக இருக்கும். இல்லையென்றால் தாள் சரியில்லை.

ஆகஸ்ட் 27 எனக்கு வசதிப்படும். எட்டு மணிக்குத் திருப்பலி. ஒன்பதே முக்காலுக்கு நான் மேஜையில் இருப்பேன். ஃபுக்கிடம் இன்றே சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரு வர்றாங்க, மோக் அம்மா?"

"என் தம்பி பொண்ணு. ஆசியாவைப் படிக்கறவ."

"மொத்தத்தையுமா?"

"முடிஞ்ச வரைக்கும்" என்றேன்.

இறால் கொழுக்கட்டை பத்தரைக்கெல்லாம் தீர்ந்துவிடும். தாமதிக்காதே. இரவு சின்ன அறையில் படுத்துக்கொள்ளலாம். விளக்கு வேலை செய்கிறது.

ஒரு விஷயம். கடையில் இப்போது வெளிச்சத்தை மிகவும் குறைத்துவிட்டார்கள். ஆகவே உள்ளே வந்து என் எதிரில் பேசாமல் நிற்காதே. வாசலிலிருந்தே, கூச்சப்படாமல், சத்தமாக என்னைக் கூப்பிடு. மேலே விமானம் போய்க்கொண்டிருந்தால், அது போகும்வரை பொறுத்திருந்து, பிறகு கூப்பிடு.

அத்தை